நடுவில் படாத அடிக்காக ஒரு மட்டை

கோல்ஃப் பையில் 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம். அவற்றில் நீளமானது, தலை பெருத்தது, அதிகம் பேசப்படுவது டிரைவர். நீளமான குழி ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் டீ என்கிற சிறு முளைமேல் பந்தை வைத்து, முடிந்த மட்டும் தூரம் அனுப்ப இதைத்தான் உருவுவார்கள். மட்டையும் பந்தும் ஒட்டியிருக்கும் நேரம் சுமார் அரை மில்லி செகண்ட், அதாவது ஒரு விநாடியில் 2,000-இல் ஒரு பங்கு. அடித்த அதிர்வைக் கை உணர்வதற்குள் பந்து கிளம்பிப் போயிருக்கும். நன்றாக அடித்த பந்து ஆறு விநாடி அளவுக்குக் காற்றில் நிற்கும். அது எவ்வளவு உயரும், எந்தப் பக்கம் வளையும் என்பதெல்லாம், காற்றின் பங்கை ஒதுக்கிவிட்டால், அந்த அரை மில்லி செகண்டிலேயே முடிவாகிவிடுகிறது.

பந்து வலப்பக்கப் புதருக்குள் போனால் ஆடுகிறவர் தன் தோளையும் மணிக்கட்டையும் நொந்துகொள்வார். பயிற்சியாளரும் அதையே சொல்வார். அதில் உண்மை உண்டு, ஆனால் மட்டைக்கும் ஒரு பங்கு உண்டு. அதன் தலைக்குள் எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது, முகம் எவ்வளவு புடைத்திருக்கிறது என்ற இரண்டையும் பொறுத்து, ஒரே தவறான அடி ஒருவருக்குப் புல்வெளியிலும் இன்னொருவருக்குக் காட்டிலும் முடியலாம். இந்த இரண்டு கேள்விகளோடு மல்லுக்கட்டியதுதான் டிரைவரின் வரலாறு. அதைத் தொடர்ந்து படிக்கிறவருக்கு ஒன்று தெளிவாகும்: இந்த மட்டையைச் செதுக்கியவர்களின் கவனம் முழுவதும் பிசகிய அடியின் மேல்தான் இருந்திருக்கிறது.

கொம்பும் ஈயமும்

1457-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் கோல்ஃப் ஆட்டத்துக்குத் தடை போட்டது. இளைஞர்கள் வில் பயிற்சியை விட்டுவிட்டு மணல்மேட்டுக்குப் போகிறார்கள் என்பது புகார். தடை நிலைக்கவில்லை. 1502-இல் அரசர் நான்காம் ஜேம்ஸே பெர்த் நகரத்து வில் செய்பவரிடம் கோல்ஃப் மட்டைகள் வாங்கியதாக அரசுக் கணக்கில் பதிவு இருக்கிறது. எந்த மரம் வளையும், எது உடையும் என்று அறிந்த கை அந்தக் காலத்தில் வில் செய்பவரின் கைதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் ஹியூ ஃபில்ப் செய்த மட்டைகள் இன்று அருங்காட்சியகப் பொருள்கள். தலை ஆப்பிள், பேரி, பீச் போன்ற மரங்களில் செதுக்கப்பட்டு, நீண்டு ஒடுங்கியிருக்கும். தண்டையும் தலையையும் சாய்வாகச் சீவி, பசை வைத்து ஒட்டி, கீல் பூசிய நூலால் இறுக்கிச் சுற்றுவார்கள். தலையின் பின்பக்கம் ஒரு குழி குடைந்து ஈயத்தை உருக்கி ஊற்றுவார்கள். முன்விளிம்பு தரையில் உரசித் தேயாதிருக்க ஆட்டுக்கடாவின் கொம்பில் ஒரு பட்டை அறுத்து மர முளைகளால் பதிப்பார்கள். மரம் இலகுவானது, அடிக்கு எடை வேண்டும், அந்த எடை முகத்துக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்ற மூன்றும் அந்தத் தச்சர்களுக்குத் தெரிந்திருந்தன. எடையை எங்கே வைப்பது என்ற கேள்வி அந்த ஈயக் குழியிலேயே தொடங்கிவிட்டது.

அந்த நீள மூக்கு மட்டைக்கு முடிவு கட்டியது பந்து. தோல் பைக்குள் வேகவைத்த வாத்து இறகை அடைத்துத் தைத்த பந்துதான் அதுவரை புழக்கத்தில் இருந்தது. 1848-ஐ ஒட்டி, மலாய்க் காடுகளில் மரப்பாலிலிருந்து எடுக்கப்படும் கட்டா பெர்ச்சாவை உருட்டிச் செய்த பந்து வந்தது. விலை குறைவு, நனைந்தாலும் கெடாது. ஆனால் கல் போலக் கடினம். அதன் மோதலைத் தாங்காமல் ஒடுங்கிய மூக்குகள் பிளந்தன. செய்பவர்கள் தலையைக் குட்டையாக்கினார்கள், அகலமாக்கினார்கள், முகத்தில் தோல் துண்டு பதித்தார்கள்.

இன்னொரு விசித்திரத்தையும் ஆட்டக்காரர்கள் கண்டார்கள். வழவழப்பான புதுப் பந்து சட்டென்று கவிழ்ந்து விழுந்தது. அடிபட்டு வடு விழுந்த பழைய பந்து நிதானமாகப் பறந்தது. காரணம் யாருக்கும் புரியவில்லை. ஆனாலும் பந்து செய்பவர்கள் சுத்தியலை எடுத்துக்கொண்டு புதுப் பந்திலேயே வடுப் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

புடைத்த முகம்

1880-களில் டிரைவருக்கு ஒரு புது முகம் வந்தது. அதுவரை தட்டையாக இருந்த முகம் இப்போது இடமிருந்து வலமாக மெல்லப் புடைத்திருந்தது. இதற்கு ‘பல்ஜர்’ என்று பெயர் வைத்தார்கள். இதை முதலில் செய்தது நான்தான் என்று மசல்பரோவைச் சேர்ந்த வில்லி பார்க் ஜூனியரும் சொன்னார், ஹென்றி லாம்ப் என்ற அமெச்சூர் ஆட்டக்காரரும் சொன்னார். வில்லி பார்க் 1887-இலும் 1889-இலும் பிரிட்டிஷ் ஓப்பன் பட்டம் வென்றவர். யார் முதல் என்ற வழக்கு இன்றுவரை தீரவில்லை. புடைப்பு மட்டும் நிலைத்துவிட்டது. இன்று கடையில் தொங்கும் எந்த டிரைவரை எடுத்து அதன் முகத்தில் ஓர் அளவுகோலை வைத்தாலும், இரண்டு ஓரத்திலும் வெளிச்சம் தெரியும்.

இந்தப் புடைப்பு ஏன் வேண்டும்? வலது கைக்காரர் ஒருவர் அடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பந்து முகத்தின் நடுவில் படாமல் நுனிப் பக்கம், ஆட்டக்காரர்கள் ‘டோ’ என்று சொல்லும் இடத்தில் படுகிறது. கிரிக்கெட் மட்டையின் விளிம்பில் பந்து பட்டால் மட்டை கைக்குள் திரும்புமே, அதுபோல டிரைவரின் தலையும் திரும்புகிறது. மேலிருந்து பார்த்தால் அது கடிகார முள்ளின் திசையில் திரும்பும். எடை மையம் முகத்துக்கு நன்றாகப் பின்னால் இருப்பதால், தலை அந்த மையத்தைச் சுற்றித் திரும்பும்போது முகம் வலப்புறமாக நகர்கிறது. நகரும் முகம் ஒட்டியிருக்கும் பந்தை உரசி, அதை எதிர்த் திசையில் சுழற்றிவிடுகிறது. பற்கள் கோத்த இரண்டு சக்கரங்களில் ஒன்று ஒரு பக்கம் சுற்றினால் மற்றது எதிர்ப்பக்கம் சுற்றுகிற அதே கணக்கு. கியர் எஃபெக்ட் என்று இதைச் சொல்கிறார்கள். இந்தச் சுழற்சி பந்தை இடப்பக்கமாக வளைக்கும்.

முகம் தட்டையாக இருந்தால் பந்து ஏறக்குறைய நேராகக் கிளம்பி, வளைந்து வளைந்து இடப்பக்கக் காட்டில் போய் விழும். முகம் புடைத்திருந்தால் நுனிப் பக்கம் கொஞ்சம் வலத்தைப் பார்த்திருக்கும். பந்து வலப்புறமாகக் கிளம்பும், சுழற்சி அதை இடப்புறம் இழுக்கும், கடைசியில் நடுப் புல்வெளிக்குத் திரும்பிவிடும். தண்டு செருகியிருக்கும் ‘ஹீல்’ பக்கம் பட்டால் இதே கதை தலைகீழாக நடக்கும்: இடத்தில் கிளம்பி வலத்துக்குத் திரும்பும். ஒரு தவறு திசையைக் கெடுக்கிறது, அதே தவறு பிறப்பிக்கும் சுழற்சி அதைச் சரிசெய்கிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டும் அளவுக்கு வளைவை அமைப்பதுதான் கைத்திறன். கோல்ஃப் கருவிகளில் இவ்வளவு அழகான யோசனை வேறு இல்லை என்பேன். இதைச் செய்தவர்களிடம் சூத்திரம் இல்லை. பட்டறை மேசையும் அரமும் பல ஆண்டு கவனிப்பும் இருந்தன.

அயர்ன் மட்டைகளின் முகம் ஏன் தட்டையாக இருக்கிறது என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. அவற்றின் தலை மெல்லிய தகடு. எடை மையம் முகத்தை ஒட்டியே இருப்பதால் முகம் பக்கவாட்டில் நகராது, பந்தும் அப்படிச் சுழலாது.

பேராசிரியரும் மகனும்

சுழற்சி பந்தை ஏன் வளைக்கிறது, ஏன் தூக்குகிறது என்பதைக் கோல்ஃப் திடலிலேயே நின்று யோசித்தவர் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் பீட்டர் கத்ரி டைட். கோடைக்காலம் முழுவதும் செயின்ட் ஆண்ட்ரூஸில் ஆட்டமே கதி என்று கிடப்பவர். அவர் மகன் ஃபிரெடி டைட் 1896-இலும் 1898-இலும் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டம் வென்ற வீரர்.

பந்தின் வேகத்தையும் காற்றின் தடையையும் மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், ஆறு விநாடிக்கு அது காற்றில் நிற்க வழியே இல்லை. வேறு ஏதோ ஒன்று பந்தைத் தாங்கிப் பிடிக்கிறது என்று டைட்டுக்குத் தோன்றியது. அதைக் கண்டுபிடிக்க அவர் செய்த சோதனைக்குத் தேவைப்பட்டது ஒரு நாடா மட்டும்தான். முறுக்கில்லாத நீண்ட நாடாவின் ஒரு முனையைப் பந்திலும் மறு முனையைத் தரையிலும் பொருத்தினார். ஒன்றிரண்டு யார்டு தள்ளிக் கெட்டியான களிமண் சுவர். நல்ல ஆட்டக்காரர் ஒருவரை விட்டுப் பந்தை அந்தச் சுவருக்குள் அடிக்கச் சொன்னார். பந்து களிமண்ணில் புதைந்தது. நாடாவில் எத்தனை முறுக்கு விழுந்திருக்கிறது என்று எண்ணினார். ஆளுக்கு ஆள் மாறினாலும், விநாடிக்கு 40 முதல் 120 சுற்று வரை பந்து பின்பக்கமாகச் சுழல்கிறது என்று தெரிந்தது. இன்றைய தொழில்முறை ஆட்டக்காரரின் டிரைவர் அடியில் சுழற்சி நிமிடத்துக்குச் சுமார் 2,700 சுற்று, அதாவது விநாடிக்கு 45. ரேடார் இன்று தரும் எண், அன்று நாடா சொன்ன எல்லைக்குள்ளேயே இருக்கிறது.

பின்சுழற்சியோடு போகும் பந்தின் மேற்புறத்தில் காற்று வேகமாக வழிகிறது, கீழ்ப்புறத்தில் தடுமாறுகிறது. பந்து காற்றைக் கீழே தள்ளுகிறது, காற்று பந்தை மேலே தள்ளுகிறது. ஜெர்மானிய இயற்பியலாளர் மேக்னஸ் 1852-இல் ஆராய்ந்த விளைவு இது. சுழலும் அச்சு கிடைமட்டமாக இருந்தால் பந்து நேராக மேலே தாங்கப்படும். அச்சு ஒரு பக்கம் சாய்ந்தால், தூக்கும் விசையும் அந்தப் பக்கம் சாயும், பந்து வளையும். பின்சுழற்சி, பக்கச் சுழற்சி என்று பந்துக்குள் இரண்டு கிடையாது. இருப்பது ஒரே சுழற்சி, அதன் அச்சுதான் சாய்கிறது.

எலக்ட்ரானைக் கண்டுபிடித்த ஜே. ஜே. தாம்சன் 1910-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் கோல்ஃப் பந்தைப் பற்றியே ஒரு சொற்பொழிவு ஆற்றினார். பந்தின் பாதையை விளக்க, காந்தப் புலத்தில் எலக்ட்ரான் கற்றையை வளைத்து அவையோருக்குக் காட்டினார்.

பெர்சிமன் காலம்

1899-இல் அமெரிக்காவின் கோபர்ன் ஹாஸ்கெல், ரப்பர் நூலை இறுக்கிச் சுற்றிய பந்துக்குக் காப்புரிமை பெற்றார். 1905-இல் இங்கிலாந்தின் வில்லியம் டெய்லர், பந்தின் மேல் குழிகள் அமைக்கக் காப்புரிமை பெற்றார். சுத்தியல் வடுவின் முறையான வாரிசு அது. வேகமான புதுப் பந்துக்கு ஏற்ற மரமாகப் பெர்சிமன் வந்து அமர்ந்தது. இலங்கைக் காடுகளின் கருங்காலி எந்தப் பேரினமோ, அதே டயோஸ்பைரோஸ் பேரினத்தைச் சேர்ந்த அமெரிக்க மரம். அடர்த்தி, இறுக்கம், மோதலைத் தாங்கும் திறன் மூன்றும் அதற்கு உண்டு.

பெர்சிமன் டிரைவர் தலையைக் கையில் எடுத்துப் பார்ப்பது ஓர் அனுபவம். மெருகேற்றிய மர ரேகை, முகத்தின் நடுவே பதித்த வேறு நிறத் துண்டு, அதை இறுக்கிய திருகாணிகள், அடியில் பித்தளைத் தகடு, தகட்டைக் கழற்றினால் உள்ளே ஈயம், கழுத்தில் நெருக்கமாகச் சுற்றிய நூல். முகத்தின் புடைப்பையும் மேலிருந்து கீழான வளைவையும் தொழிலாளி அரத்தால் சீவி, அச்சுத் தகட்டை வைத்துச் சரிபார்ப்பார். அதனால் ஒரே மாதிரியில் வந்த இரண்டு தலைகள்கூட ஒன்றாக அடிக்காது. மேக்ரிகர் நிறுவனம் செய்த நல்ல தலைகளைத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் தேடித் தேடி வாங்கி, பல ஆண்டுகள் பொத்திப் பாதுகாத்ததற்குக் காரணம் இதுதான்.

ஆனால் பெர்சிமன் கறாரான மட்டை. தலை சிறியது, கட்டியான மரம், எடையில் பெரும்பங்கு நடுவை ஒட்டியே இருக்கும். நடுவில் பட்டால் வெண்ணெய். ஒரு விரல் அகலம் விலகினாலே தலை வெடுக்கென்று திரும்பும், வேகம் குறையும், சுழற்சி கூடும். சுழற்சியை அள்ளித் தரும் பலாட்டா உறை போட்ட பந்தும் சேர்ந்துகொண்டால், பிசகிய அடி பிசகியதுதான். பென் ஹோகன் போன்ற மாமேதைகூட இடப்பக்கமாகப் பாய்ந்து வளையும் ஹூக் அடியோடு பல ஆண்டுகள் போராடியிருக்கிறார்.

1968-இல் அலஸ்டர் காக்ரனும் ஜான் ஸ்டாப்ஸும் வெளியிட்ட ‘தி சர்ச் ஃபார் தி பெர்ஃபெக்ட் ஸ்விங்’ என்ற நூல், மோதல் நேரம், கியர் எஃபெக்ட், புடைப்பின் பயன் அனைத்தையும் விஞ்ஞானிகள் குழுவின் அளவீடுகளோடு விளக்கியது. தச்சர்கள் கண்ணால் கண்டதற்குக் கணக்கும் சாட்சி சொன்னது.

உலோகம் வந்தது

கேரி ஆடம்ஸ் கோல்ஃப் கருவி விற்பனையாளர். அப்பா கோல்ஃப் பயிற்சியாளர். 1979-இல் வீட்டின் மேல் 24,000 டாலர் கடன் வாங்கி, இல்லினாய் மாநிலத்தில் டெய்லர்மேட் நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் கொண்டுவந்த பண்டம் ஒன்றே ஒன்று: துருப்பிடிக்காத எஃகில் வார்த்த, உள்ளே கூடான டிரைவர். எஃகு நகரத்தின் பெயரைச் சேர்த்து அதைப் ‘பிட்ஸ்பர்க் பெர்சிமன்’ என்று அழைத்தார்கள். பார்த்தவர்களில் பலர் நம்பவில்லை. ஆனால் 1981-இல் ரான் ஸ்ட்ரெக் ஹூஸ்டன் ஓப்பனை உலோக டிரைவரால் வென்றார். அதன் பிறகு மரம் பின்வாங்கத் தொடங்கியது. பெரிய நான்கு போட்டிகளில் பெர்சிமன் டிரைவரால் வெல்லப்பட்ட கடைசிப் பட்டமாகப் பெர்ன்ஹார்ட் லாங்கரின் 1993 மாஸ்டர்ஸைச் சொல்கிறார்கள்.

உலோகத்தின் அசல் லாபம் அதன் கடினத்தில் இல்லை, உள்ளே இருந்த வெற்றிடத்தில் இருந்தது. கட்டி மரத்தில் எடை நடுவில் குவிகிறது. கூட்டில் எடை முழுவதும் ஓரங்களுக்குப் போய்விடுகிறது. எடை மையத்திலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, அந்த அளவுக்குத் தலையைத் திருப்புவது கடினம். பள்ளிப் பாடத்தில் நிலைமத் திருப்புத்திறன் என்று நாம் படித்தது இதுதான். நார்வேயில் பிறந்த பொறியாளர் கார்ஸ்டன் சோல்ஹைம், பிங் நிறுவனத்தின் பட்டர் என்கிற உருட்டு மட்டைகளிலும் அயர்ன்களிலும் எடையை இரண்டு ஓரங்களுக்குப் பிரித்து வைத்து இதை முன்பே நிரூபித்திருந்தார். இப்போது அந்தப் பாடம் டிரைவருக்கு வந்தது.

1991-இல் ஈலி காலவே தன் நிறுவனத்தின் பிக் பெர்த்தாவைக் கொண்டுவந்தார். 190 கன செ.மீ. கொண்ட எஃகுத் தலை. அன்றைய கண்ணுக்கு அதுவே பிரம்மாண்டம். எஃகில் அதற்கு மேல் பெரிதாக்கினால் எடை தாங்காது. அடர்த்தியில் எஃகைவிட வெகுவாகக் குறைந்த டைட்டேனியம் கைகொடுத்தது. 1995-இல் வந்த கிரேட் பிக் பெர்த்தா 253 கன செ.மீ. அடுத்த பத்தாண்டுக்குள் தலை 460-ஐத் தொட்டது.

இங்கே கவனிக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. பெர்சிமன் தலையின் எடை சுமார் 200 கிராம். இன்றைய 460 கன செ.மீ. தலையின் எடையும் சுமார் 200 கிராம்தான். மனிதக் கை வேகமாகச் சுழற்றக்கூடிய எடை மாறவே இல்லை. மாறியது அந்த 200 கிராமைப் பரப்பிய விதம். மேற்புறக் கூரையை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக மெலித்தார்கள், பிறகு அதைக் கார்பனில் செய்தார்கள். இப்படி மிச்சப்படுத்திய ஒவ்வொரு கிராமையும் அடிப்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் கொண்டுபோனார்கள். பழைய தச்சரின் ஈயக் குழியும் பின்பக்கத்தில்தான் இருந்தது.

கோடு போட்ட விதிகள்

மெல்லிய டைட்டேனியம் முகத்துக்கு இன்னொரு குணமும் இருந்தது. பந்து மோதும்போது அது உள்வாங்கி மீள்கிறது. பந்து குறைவாக நசுங்குவதால் சக்தி குறைவாகவே வீணாகிறது. விளைவு, கூடுதல் வேகம். அமெரிக்கக் கோல்ஃப் சங்கமான யு.எஸ்.ஜி.ஏ. 1998-இல் இதற்கு வரம்பு வைத்தது. மோதும்போது பந்துக்கும் முகத்துக்கும் இடையே இருந்த வேகத்தில் 83 சதவீதத்துக்கு மேல் பிரியும்போது இருக்கக் கூடாது. காலவேயின் ஈ.ஆர்.சி. டிரைவர் இந்த வரம்பைத் தாண்டியது. 2000-இல் ஆர்னால்ட் பால்மரே அதன் அடுத்த வடிவத்தைச் சாதாரண ஆட்டக்காரர்களுக்கு ஆதரித்துப் பேசியபோது பெரும் சர்ச்சை மூண்டது.

2004-இல் தலையின் கொள்ளளவுக்கு 460 கன செ.மீ. என்றும், தண்டின் நீளத்துக்கு 48 அங்குலம் என்றும் எல்லை வந்தது. பின்னர் நிலைமத் திருப்புத்திறனுக்கும் 5,900 கிராம் சதுர செ.மீ. என்று வரம்பு வைத்தார்கள். 2022 முதல், போட்டி நடத்துவோர் விரும்பினால் நீளத்தை 46 அங்குலமாகக் குறைத்துக்கொள்ளலாம்.

வேகத்துக்குக் கதவு அடைபட்டதும், வடிவமைப்பாளர்களின் கவனம் முழுவதும் சுழற்சிக்கும் திசைக்கும் திரும்பியது. என் பார்வையில் டிரைவரின் பொற்காலம் அங்கேதான் தொடங்குகிறது. 2004-இல் டெய்லர்மேட் ஆர்7 குவாட் நான்கு திருகு எடைகளோடு வந்தது. எடையை ஹீல் பக்கம் கூட்டினால் தலை எளிதாக மூடிக்கொள்ளும், வலப்பக்கம் வளையும் ஸ்லைஸ் குறையும். டோ பக்கம் கூட்டினால் இடப்பக்க ஹூக் அடங்கும். 2013-இல் அதே நிறுவனம் கொண்டுவந்த எஸ்.எல்.டி.ஆர். எடையைத் தாழ்வாகவும் முகத்தை ஒட்டியும் வைத்தது. சுழற்சி கடுமையாகக் குறைந்தது. ஆனால் அதற்கு விலை உண்டு: எடை முன்னால் வந்தால் நிலைப்பு குறையும், பிசகிய அடிக்கு மன்னிப்பும் குறையும். எடை பின்னால் போனால் நிலைப்பு கூடும், பந்து உயரும், சுழற்சியும் கொஞ்சம் கூடும். இரண்டையும் முழுதாகப் பெற இயற்பியல் அனுமதிக்காது. ஒவ்வொரு டிரைவரும் இந்த இரண்டுக்கும் நடுவே எட்டிய ஓர் உடன்பாடுதான்.

மேலும் கீழுமாகவும் கியர் எஃபெக்ட் வேலை செய்கிறது. முகத்தின் மேற்பகுதியில் பட்டால் தலை பின்னால் சாய்ந்து, பின்சுழற்சி குறைந்து, பந்து உயரமாகக் கிளம்பி வெகுதூரம் போகும். கீழே பட்டால் தாழ்வாகக் கிளம்பி, சுழற்சி எகிறி, மேலே ஏறி ஏறி அங்கேயே சோர்ந்து விழும். இன்றைய ஆட்டக்காரர்கள் டீயை உயர்த்தி வைத்து அடிப்பதன் இரகசியம் இதுதான்.

ரேடார் திருத்திய பாடம்

டென்மார்க்கின் டிராக்மேன் நிறுவனம், ஏவுபொருள்களைத் தொடரும் ரேடார் நுட்பத்தைக் கோல்ஃபுக்குக் கொண்டுவந்தது. அதுவரை பல பயிற்சியாளர்கள் கற்பித்தது, பந்து மட்டை வீசப்பட்ட பாதையில் கிளம்பி, முகம் பார்க்கும் பக்கம் வளையும் என்பது. ரேடார் அதை மாற்றியது. டிரைவரில் பந்து கிளம்பும் திசையில் ஏறக்குறைய 85 சதவீதத்தை முகமே தீர்மானிக்கிறது. முகம் பார்க்கும் திசைக்கும் மட்டை வரும் பாதைக்கும் உள்ள இடைவெளி, சுழல் அச்சைச் சாய்த்து வளைவை உண்டாக்குகிறது.

லாஃப்ட், அதாவது முகம் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம், டிரைவரில் மிகக் குறைவு. பெரும்பாலும் 9 முதல் 12 டிகிரி. லாஃப்ட் குறைந்தால் பின்சுழற்சி குறையும். பின்சுழற்சி குறைந்த பந்தின் அச்சைச் சாய்க்க ஒன்றிரண்டு டிகிரி பிசகே போதும். பையில் உள்ள எல்லா மட்டையிலும் நேராக அடிக்கக் கடினமானது டிரைவர் என்பதன் காரணம் இதுதான். 10.5 டிகிரியில் திணறுகிறவர் 12-க்குப் போனால் பந்து நேராவதும் தூரம் கூடுவதும் இதனால்தான். லாஃப்ட்டைக் கூட்டுவது கௌரவக் குறைவு என்ற எண்ணம் பல ஆட்டக்காரர்களின் ஆட்டத்தைக் கெடுத்திருக்கிறது. அது மனவருத்தம் தரும் விஷயம்.

மறுபடியும் வளைவு

2018-இல் டெய்லர்மேட் தன் டிரைவர் முகத்தை ஒரு பக்கமாக முறுக்கியது. உயர்ந்த டோ பகுதி சற்றுத் திறந்தும், தாழ்ந்த ஹீல் பகுதி சற்று மூடியும் இருக்கும். சாதாரண ஆட்டக்காரர்களின் தவறுகள் பெரும்பாலும் அந்த இரண்டு மூலைகளில்தான் விழுகின்றன என்ற கவனிப்பின் விளைவு அது. அடுத்த ஆண்டு காலவே, முகத்தின் தடிமன் எங்கே கூட வேண்டும், எங்கே குறைய வேண்டும் என்பதைக் கணினிக் கற்றலிடம் விட்டது.

2024-இல் பிரைசன் டிஷாம்போ பைன்ஹர்ஸ்ட் திடலில் தன் இரண்டாவது யு.எஸ். ஓப்பனை வென்றார். இயற்பியல் படித்தவர், உலகின் மிக வேகமான அடிகாரர்களில் ஒருவர். அவர் கையில் இருந்தது கிராங்க் என்ற சிறிய நிறுவனத்தின் டிரைவர், வழக்கத்தைவிட வளைவு கூடிய முகத்தோடு. வேகம் கூடும்போது பிசகிய அடியில் கியர் எஃபெக்ட் சுழற்சியும் கூடுகிறது. அதை ஈடுகட்டப் புடைப்பும் கூட வேண்டும். அரத்தை வைத்துக்கொண்டு வில்லி பார்க் காலத்தார் கண்ட விடையை நோக்கித்தான், ரேடாரும் கணினியும் வைத்திருப்பவரும் போயிருக்கிறார்.

டிரைவர் வாங்கப் போகிறவர்களுக்கு என் கோரிக்கை ஒன்றுதான். முகத்தில் கால் பவுடர் ஸ்பிரேயை மெல்லிசாக அடித்துக்கொண்டு பத்துப் பந்து அடியுங்கள். ஒவ்வொரு அடிக்கும் வட்டமாக ஒரு தடம் விழும். தடங்கள் டோ பக்கம் கூடுகின்றனவா, ஹீல் பக்கமா, கீழேயா என்று பாருங்கள். எடையின் இடமும் லாஃப்ட்டும் அந்தக் கூட்டத்துக்குப் பொருந்த வேண்டும். திரையில் காட்டப்படும் அந்த ஒரே நீளமான அடியை நம்பி வாங்காதீர்கள். நடுவில் பட்டால் எந்த டிரைவரும் நல்ல டிரைவர்தான். உங்கள் பத்தில் மோசமான மூன்றைப் புல்வெளிக்குள் வைப்பது எதுவோ, அதை வாங்குங்கள்.